வடநாட்டுல ஊழியம் செய்ற மிஷனரிகள் கலவரம் வந்தாலும் ஏன் சொந்த ஊருக்குத் திரும்ப மாட்டேங்கிறாங்க?

என் அப்பா அம்மா குஜராத்ல டாங்ஸ் மாவட்டத்துல 19 வருஷம் மிஷனரியா இருந்தவங்க. எங்க ஊரு நாங்குநேரி பக்கம். 1986ல என்னைக் கைப்பிள்ளையா தூக்கிட்டுப் போனாங்க, அதனால நான் பார்த்தத வச்சு சொல்றேன்.

எங்க பக்கத்துல இது புதுசு இல்ல. 1903லயே பாளையங்கோட்டைல இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பிச்சு, ஹைதராபாத் நைஜாம் சீமைல இருந்த தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்புனாங்க. அந்தக் காலத்துல நம்ம ஆளுங்களுக்கு அது வெளிநாடு மாதிரிதான், பாஷை தெலுங்கு, சாப்பாடு வேற. ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான வெள்ளாளன்விளை அசரியா ஐயா 1912ல அங்கயே பிஷப் ஆனார். எங்க வீட்டுப் பெண்கள் சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசி தனியா எடுத்து வைப்பாங்க, மிஷனரி காணிக்கைக்கு. ஆச்சி சாகுற வரைக்கும் அந்த அரிசிப் பானை அடுப்படில இருந்துச்சு.

கஷ்டம்னு கேட்டா எல்லாரும் மலேரியா, கரண்ட் இல்லாதது, ஆஸ்பத்திரிக்கு மைல் கணக்குல நடக்கிறதுன்னு சொல்வாங்க. அதெல்லாம் இருந்துச்சு, அப்பாவுக்கு எத்தனை தடவை மலேரியா வந்துச்சுன்னு கணக்கே இல்ல. ஆனா எனக்குத் தெரிஞ்ச பெரிய கஷ்டம் பிள்ளைங்களப் பிரியுறதுதான். ஆறு வயசுல என்னைப் பாளையங்கோட்டைல ஒரு ஹாஸ்டல்ல விட்டாங்க. அம்மா எழுதுற இன்லேண்டு லெட்டர் வந்து சேர ரெண்டு வாரம் ஆகும், அதுல மடிக்கிற ஓரத்துல கூட பொடி எழுத்துல எழுதியிருப்பாங்க, நான் கிழிக்கும்போது அந்த வரி போயிரும்னு ஸ்கேல் வச்சு மெதுவா பிரிப்பேன். கன்வென்ஷன் கூட்டங்கள்ல சாட்சி சொல்றவங்க இதைச் சொல்றதே இல்ல, கண்டிப்பா சொல்லணும்.

இப்ப கலவரத்துக்கு வரேன். 1998 கிறிஸ்மஸ் அன்னைக்கு டாங்ஸ் மாவட்டத் தலைநகர் ஆஹ்வாவுல கிறிஸ்தவங்களுக்கு எதிரா ஒரு பேரணி நடந்துச்சு, அதுக்கப்புறம் வரிசையா டாங்ஸ் முழுக்க சர்ச்சுகளையும் ஜெபக்கூடங்களையும் எரிச்சாங்க. எங்க ஜெபக்கூடம்னா என்ன, மூங்கில் தட்டில சாணி மெழுகுன சுவரு, மேல ஓலைக்கூரை, ஒரு ராத்திரில போயிருச்சு. அப்பாவும் சபை ஆளுங்களும் காட்டுக்குள்ள இருந்தாங்க, அம்மாவ பக்கத்து வீட்டுப் பாட்டி நாக்லி (கேழ்வரகு) மூட்டைக்குப் பின்னாடி உட்கார வச்சு மேல சாக்கு போட்டு மூடிட்டாங்க. அந்தப் பாட்டி கிறிஸ்தவங்க இல்ல. வந்தவங்ககிட்ட வாசல்லயே நின்னு பேசி அனுப்பிட்டாங்களாம். இதையும் சேர்த்துச் சொல்லாம அந்த ஊரு ஜனங்களப் பத்தி நம்ம ஊர்ல யாராச்சும் "இருள்ல இருக்கிற ஜனங்க"ன்னு பேசும்போது எனக்கு ரொம்ப வலிக்கும்.

நான் அப்போ அரைப்பரீட்சை லீவுல ஆச்சி வீட்ல இருந்தேன். மூணு நாள் கழிச்சுதான் எஸ்டிடி பூத்துக்கு அப்பா கூப்பிட்டாங்க. ஆச்சி ரிசீவர வாங்கி, "மாப்ளே, போதும், என் பிள்ளையக் கூட்டிட்டு வந்துருங்க"ன்னு அழுதாங்க. அப்பா சொன்னது, "டோனாவூர் அம்மா ஊருக்குத் திரும்பிப் போனாங்களா அத்தை?" எங்க ஊர்ல இருந்து டோனாவூர் பக்கம். அப்பா சொன்ன ஏமி கார்மைக்கேல் அம்மா அயர்லாந்துல பிறந்து, 1895ல மிஷனரியா இந்தியாவுக்கு வந்தவங்க, 1951ல டோனாவூர்லயே கண்ண மூடுற வரைக்கும் ஒரு தடவை கூட தன் நாட்டுக்குப் போகல. ஆச்சி அதுக்கு மேல பேசல, ஆனா மனசு ஆறல.

அடுத்த மாசமே ஒடிசால மனோகர்பூர்ல ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸ் ஐயாவையும் அவங்க ரெண்டு பையன்களையும் ஜீப்புக்குள்ள வச்சு எரிச்ச செய்தி வந்துச்சு. பெரியவனுக்கு 10 வயசு, சின்னவனுக்கு 6. ஹாஸ்டல்ல எங்கள மாதிரி மிஷனரி பிள்ளைங்க யாரும் அன்னைக்கு ராத்திரி தூங்கல. ஸ்டெயின்ஸ் ஐயா மனைவி கிளாடிஸ் அம்மா மன்னிச்சுட்டேன்னு சொல்லி, ஆஸ்திரேலியாவுக்கு உடனே போகாம ஒடிசா பாரிபதால அவங்க பராமரிச்ச குஷ்டரோகிகளோடயே 2004 வரைக்கும் இருந்தாங்க.

மே லீவுக்கு நான் டாங்ஸ் போனேன். சென்னை சென்ட்ரல்ல நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறி, நந்துர்பார்ல இறங்கி, அப்புறம் பஸ்ஸு, நடை. எரிஞ்ச இடத்துல கரிக்கட்டை இன்னும் கிடந்துச்சு. மணியா அடிக்கிறதுக்குத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு மட்டும் அப்படியே இருந்துச்சு, தொட்டா கையெல்லாம் கருப்பு. அப்பாகிட்ட நேராவே கேட்டேன், ஏம்ப்பா நாம ஊருக்குப் போகலன்னு. அப்பா, "நமக்கு டிக்கெட் எடுத்தா போக ஒரு ஊரு இருக்கு மக்கா, எரிஞ்சது அவங்க வீடும் கோயிலும், அவங்க எங்க போவாங்க? நம்மள நம்பி வந்தவங்கள விட்டுட்டு நாம மட்டும் ரயில் ஏறுனா அப்புறம் நான் எந்த முகத்தோட வேதம் வாசிப்பேன்?"ன்னாங்க.

என்னைக் கேட்டா உங்க கேள்விக்குப் பதில் இதுதான். அடி வாங்குறதுல முக்கால்வாசி உள்ளூர் விசுவாசிகள்தான், மிஷனரி பேரு பேப்பர்ல வரும், அவங்க பேரு வராது.

மழைக்கு முன்னாடி கூரை போட்டாங்க, நானும் மூங்கில் சுமந்தேன், அந்தப் பாட்டி எல்லாருக்கும் நாக்லி ரொட்டி சுட்டுக் குடுத்தாங்க. ஜூன்ல நான் ஹாஸ்டலுக்குத் திரும்பிட்டேன். அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தாங்க, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.