வில்லி கொலோனின் ‘எல் கிரான் பரோன்’ (‘மாபெரும் ஆண்மகன்’) என்ற ஸ்பானிய மொழிப் பாடலில் வரும் கோரஸ், அதன் கதைமாந்தர் சிமோனைப் பழிக்கிறதா?

கோரஸை மட்டும் கேட்டால் அப்படித்தான் தோன்றும். இயற்கையைத் திருத்த முடியாது, கோணலாக முளைத்த மரம் ஒருநாளும் நிமிராது என்று அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆனால் அது ஊர் பேசும் பேச்சு. பாட்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை இடையிடையே முன்னணிப் பாடகர் சொல்லும் பதில்களில் தேட வேண்டும்.

எழுதியவர் பனாமாவின் ஒமார் அல்ஃபானோ. நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்த டிராம்போன் (நீளும் குழாய் கொண்ட ஊதுகருவி) கலைஞர் கொலோன் பாடி, 1989இல் வெளிவந்தது. 1956 கோடையில் ஓர் ஆஸ்பத்திரியில் சிமோன் பிறப்பதில் கதை தொடங்குகிறது. ஆண்பிள்ளை என்று தந்தை ஆந்த்ரேஸுக்குப் பெருமை; வளர்ப்பும் கண்டிப்பு. வெளிநாடு போன சிமோன் பாவாடை, உதட்டுச் சாயம், பெரிய கைப்பை என்று வாழத் தொடங்குகிறார். சொல்லாமல் பார்க்க வந்த அப்பாவை வழியில் ஒரு பெண் நலம் விசாரித்து, நான்தான் உங்கள் பிள்ளை என்கிறார். அன்றோடு அப்பா பேச்சை நிறுத்திவிடுகிறார்.

இது சல்சா என்ற லத்தீன் ஆட்ட இசை. அதில் கதைப்பகுதி முடிந்ததும் ‘மொந்தூனோ’ வரும். கோரஸ் ஒரே வரியைப் பிடித்துக்கொள்ள, பாடகர் இடைவெளிகளை வேறுவேறு வரிகளால் நிரப்புவார். பல பாட்டுகளில் அது வெறும் ஆட்டத்துக்கான உற்சாகம்; இங்கே கதையே அங்குதான் நகர்கிறது. வருஷங்கள் ஓடுகின்றன, கிழவர் கொஞ்சம் இளகுகிறார், சிமோனின் கடிதம் வராவிட்டால் பித்துப் பிடித்தவர் போலாகிறார், கடைசியில் ஒரு தொலைபேசி அழைப்பு. உடனே தொடக்க மெட்டு திரும்பி வருகிறது. மறுபடி ஆஸ்பத்திரி, 1986 கோடை; சிமோன் இறக்கிறார். பிறந்த நேரம் 9:43 என்று நிமிஷக் கணக்காகச் சொன்ன பாட்டு, இறந்த நேரத்தைச் சொல்வதில்லை. பத்தாம் எண் படுக்கை நோயாளிக்காக யாரும் அழவில்லை என்பதோடு சரி.

அதற்குப் பிறகும் கோரஸ் மாறாது, பாடகரின் பதில்தான் மாறுகிறது: உபதேசம் போதும், இரக்கம் வேண்டும், பாவம் செய்யாதவர் முதல் கல்லை எறியட்டும். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு இது. ஆட்ட அரங்குக்காக நடுவில் வெட்டினால் இந்தப் பதில்கள் போய், பழமொழி மட்டும் மிஞ்சும். உங்கள் சந்தேகத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு முழுப் பதிவையும் கேளுங்கள். முதல் தடவை டிராம்போனை விட்டுவிட்டு, கோரஸுக்கு அடுத்து வரும் குரலை மட்டும் பின்தொடருங்கள்.

சிமோனைக் கொன்ற நோய்க்குப் பாட்டில் பெயர் இல்லை. ‘விசித்திரமான நோய்’ என்பதோடு பாட்டு நிறுத்திக்கொள்கிறது. அது எய்ட்ஸ் என்பதை ஆண்டு காட்டிக்கொடுக்கிறது. எய்ட்ஸ் பற்றிய முதல் அமெரிக்க அறிக்கை 1981 ஜூனில் வந்தது. கிருமிக்கு எச்.ஐ.வி. என்று பெயர் முடிவானதே 1986 மே மாதம்தான். முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1987 மார்ச்சில். சிமோன் சாகும் கோடையில் அந்தக் கிருமிக்கு எதிராக மருத்துவர் எழுதிக் கொடுக்க அனுமதி பெற்ற மருந்து ஒன்றுகூட இல்லை.

ஆனாலும் பாட்டை முழுக்கக் குற்றமற்றது என்று சொல்ல மாட்டேன். கல்லெறியாதே என்ற வாதத்துக்குள்ளேயே அங்கே ஒரு பாவம் நடந்திருக்கிறது என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. அப்பாவின் பெருமை, கோபம், வருத்தம் எல்லாம் கிடைக்கின்றன. அந்த ஒரு நலம் விசாரிப்புக்குப் பிறகு சிமோனுக்குப் பேச ஒரு வரிகூட இல்லை.