வாசகர் கேள்விகள்: போர்முனையில் எரிபொருள் என்ன விலை?

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைக்கு ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) எரிபொருள் 400 டாலர் ஆனதாமே, நம்பலாமா?
– வாசகர், ஈரோடு

பாதி நம்பலாம். 2009இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் அதிகாரிகள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன எண் அது. சாலையே இல்லாத மலை முகாம்களுக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்கினால் வரும் உச்சச் செலவு. எல்லா முகாமுக்கும் பொருந்தாது. அன்றைய மதிப்பில் லிட்டருக்குச் சுமார் 5,000 ரூபாய்! வாங்கிய விலை காலனுக்கு 2, 3 டாலர்தான். மீதியெல்லாம் பாகிஸ்தானிலிருந்து டோர்க்கம், சமன் எல்லைகளைத் தாண்டும் டேங்கர் லாரி, அதற்குக் காவல் வண்டி, காவல் வண்டி குடிக்கும் டீசல், கடைசியில் ஹெலிகாப்டர் குடிப்பது. 2007க்கான அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வுப்படி, ஆப்கானிஸ்தானில் 24 எரிபொருள் வாகன அணிகளுக்கு ஒருவர் வீதம் மாண்டார் அல்லது காயப்பட்டார். இது அந்த 400 டாலரில் சேராது.

அதிகம் குடிப்பது டாங்கிதானே?
– வாசகி, நாகர்கோவில்

அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்கி சாமானியமானதல்ல. சுமார் 1,900 லிட்டர் நிரப்பினால் 420 கிலோமீட்டர் போகும். டர்பைன் எஞ்சின் என்பதால், நின்ற இடத்தில் ஓடவிட்டாலே மணிக்கு 40 லிட்டர் போலக் காலி. ஆனாலும் முகாம்களில் உண்மையான செலவாளி ஜெனரேட்டர்தான். உச்சத் தேவைக்கென 60 கிலோவாட் யூனிட்டை வைத்துவிட்டு, பெரும்பாலான நேரம் 10, 15 கிலோவாட்டுக்கு ஓட்டுவார்கள். லோடு 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சிலிண்டர் போதிய அளவு சூடேறாது, பிஸ்டன் ரிங் சரியாக அடைக்காது, டீசல் அரைகுறையாக எரியும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் முனையில் கார்பன் படியும், சைலன்சரில் கறுப்பாக எண்ணெய் கசியும். நம் ஊர்த் திருமண மண்டப ஜெனரேட்டருக்கும் இதே வியாதி உண்டு. சிறிய யூனிட்கள் நான்கைந்தை இணைத்து, லோடு ஏற ஏற ஒவ்வொன்றாக ஓட்டுவதே சரி.

அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு கூடாரத்து ஏசிக்குப் போனது. துணிக்கூடாரத்தில் குளிர்ச்சி நிற்குமா? ஈராக்கில் கூடாரங்களின் மேல் நுரையைப் பீய்ச்சி இறுகவிட்டார்கள். ஏசியின் வேலை வெகுவாகக் குறைந்தது. என்னைக் கேட்டால், புது எஞ்சினைவிட இந்த நுரைதான் மலிவான ஆயுதம்.

விமானத்துக்கும் லாரிக்கும் ஒரே எரிபொருளா?
– வாசகர், காரைக்கால்

ஆம், அமெரிக்கப் படையில் ஜேபி-8; மண்ணெண்ணெய் வகை. ஒரே டேங்கர் எல்லோருக்கும் ஊற்றும், குளிரில் டீசல்போல உறையாது. ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி டீசலைவிடச் சற்றுக் குறைவு. வழுவழுப்பும் குறைவு, பழைய இன்ஜெக்ஷன் பம்ப்கள் சீக்கிரம் தேயும்.