ஆய்வேட்டுக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்ட் எழுத உதவுகிற மாதிரி ஒரே ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்கள். – மாணவி, திருநெல்வேலி

பதில்: ஒரே ஒன்று என்பதில்தான் சிக்கல். கடையில் ஒரே அலமாரியில் மூன்று ரகம் கலந்து நிற்கும். மேற்கோள், துணைநூற்பட்டியல் எழுதும் விதத்தைச் சொல்பவை ஒரு ரகம், எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கம்), ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) என்ற அமைப்புகள் தங்கள் மேற்கோள் முறைக்கு வெளியிடும் கையேடுகள் அப்படிப்பட்டவை. மாதிரி எடுப்பது, வினாப்பட்டியல் தயாரிப்பது, கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை போடுவது என்று முறையியல் சொல்பவை இன்னொன்று, சி.ஆர். கோத்தாரியின் நூல் அந்த வகை. தலைப்பைக் கேள்வியாக மாற்றுவது, வாதத்தைக் கட்டுவது எப்படி என்று சொல்பவை மூன்றாவது. பூத், கொலோம், வில்லியம்ஸ் எழுதிய 'தி கிராஃப்ட் ஆஃப் ரிசர்ச்' இங்கே வரும். ஒரு ரகத்தை வாங்கி வைத்துக்கொண்டு இன்னொன்றின் வேலையை எதிர்பார்ப்பதால்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

நீங்கள் வீடு வீடாகப் போய்த் தகவல் திரட்டுபவர் என்றால் கோத்தாரி தேவை. ஆனால் வாங்க வேண்டாம். உங்களுக்கு வேண்டியது சில அத்தியாயங்கள்தான், கல்லூரி நூலகத்தில் நிச்சயம் இருக்கும். காசைப் போடுவதானால் மூன்றாவது ரகத்தில் போடுங்கள். டுராபியனின் கையேடும் நல்லது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் ஆய்வேடுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் அவர். 1937-இல் வந்த சிறு கையேடு வளர்ந்து, 2018-இல் ஒன்பதாம் பதிப்பு கண்டது. ஆனால் அதிலுள்ள மேற்கோள் விதிகள் சிகாகோ முறைக்கானவை. உங்கள் துறையில் ஏ.பி.ஏ. கேட்டால், ஆய்வு செய்து எழுதுவதைச் சொல்லும் அதன் முதல் பகுதி மட்டும்தான் உங்களுக்கு உதவும்.

எதை எடுத்தாலும், பில் போடும் முன் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவை (இன்டெக்ஸ்) திறந்து, இப்போது நீங்கள் முட்டிக்கொண்டு நிற்கும் விஷயத்தைத் தேடிப் பாருங்கள். முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து எழுதுவதில் சிக்கல் என்றால் அதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்? ஒரு பத்தியோடு முடித்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். சொல்லடைவே இல்லையென்றாலும் அப்படித்தான்.

கேள்வி: இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ எழுதிய ஆய்வேட்டுக் கையேட்டை நண்பர் புகழ்கிறார். வாங்கலாமா? – வாசகர், கோவை

பதில்: 1977-இல் இத்தாலிய மாணவர்களுக்காக எழுதியது. ஆங்கிலத்தில் வந்ததே 2015-இல்தான். தலைப்பைச் சுருக்கிக்கொள்வது பற்றி அவர் சொல்வது இன்றைக்கும் பொருந்தும். குறிப்பு அட்டை, தட்டச்சு விவகாரங்களைத் தாண்டிப் போய்விடுங்கள். படிக்க இன்பமான புத்தகம், ஆனால் நாளை கைடு கேட்கப்போகும் ஏ.பி.ஏ. பட்டியலுக்கு அதில் விடை கிடையாது.

கேள்வி: 'புதிய பதிப்பு' என்று உறையில் பெரிதாகப் போட்ட ஆய்வு வழிகாட்டியை 480 ரூபாய்க்கு வாங்கினேன். துணைநூற்பட்டியல் முழுவதும் தவறு என்று கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். – மாணவர், மதுரை

பதில்: உங்கள் மேல் தப்பில்லை தம்பி. இந்த வியாபாரத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரியாத வருஷம் இல்லை. உறையை மாற்றுவார்கள், வருஷத்தை மாற்றுவார்கள், உள்ளே ஒரு வரியைத் தொட மாட்டார்கள். என் அலமாரியிலும் அப்படி ஒரு தடிப் புத்தகம் இருக்கிறது. இப்போது அதற்கு மேசை விளக்கைத் தாங்கும் உத்தியோகம்.

கண்டுபிடிக்க அரை நிமிஷம் போதும். எம்.எல்.ஏ. ஏழாம் பதிப்பில் (2009) அச்சு நூலைக் குறித்தால் கடைசியில் 'பிரிண்ட்' என்று எழுத வேண்டும். 2016-இல் வந்த எட்டாம் பதிப்பு அதை எடுத்துவிட்டது. 2021-இல் ஒன்பதாம் பதிப்பும் வந்துவிட்டது. ஏ.பி.ஏ. ஏழாம் பதிப்பு 2019-இல் வந்தபோது பதிப்பகத்தின் ஊர்ப் பெயரை நீக்கியது. ஆகவே, எம்.எல்.ஏ. எடுத்துக்காட்டு 'பிரிண்ட்' என்று முடிந்தாலோ, ஏ.பி.ஏ. எடுத்துக்காட்டில் பதிப்பகத்துக்கு முன்னால் 'நியூயார்க்' என்று இருந்தாலோ, உறையில் எந்த வருஷம் போட்டிருந்தாலும் உள்ளே பழைய சரக்கு. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தையும் பாருங்கள். 'திருத்திய பதிப்பு' என்பது வேறு, 'மறு அச்சு' என்பது வேறு. பத்துத் தடவை மறு அச்சு கண்டாலும் உள்ளே இருப்பது பழையதுதான்.

பில் இருந்தால் அந்தப் பக்கத்தையும் உறையையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: உறை அழகாக இருந்தது, 'பத்து நாளில் ஆய்வேடு' என்று போட்டிருந்தது. உள்ளே பார்க்காமல் வாங்கிவிட்டேன். இப்போது பிடிக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? – வாசகர், சேலம்

பதில்: கிடைக்காது. பத்து நாள் என்றதுமே சந்தேகம் வர வேண்டாமா?

கேள்வி: இணையத்தில் முழு விலை கொடுத்து ஏ.பி.ஏ. கையேடு வாங்கினேன். வந்தது ஜெராக்ஸ் போட்டு ஒட்டிய பிரதி. நடுவில் பக்கங்கள் இல்லை. விற்றவர் 'ரிட்டர்ன் கிடையாது' என்கிறார். – மாணவி, தஞ்சாவூர்

பதில்: அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. போலியான, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-இல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் படங்களோடு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பிரதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: வழிகாட்டி நூலுக்குப் பதில், எழுதி முடித்த ஆய்வேட்டையே ஒரு கடையில் தருகிறார்கள். எது லாபம்? – பெயர் வேண்டாம்

பதில்: கருத்துத் திருட்டைத் தடுக்க யு.ஜி.சி. கொண்டுவந்த 2018 விதிகள் முதுகலை மாணவர்களுக்கும் உண்டு. பிறர் எழுத்தோடு 60 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போனால் பதிவே ரத்து. லாபக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மாதிரி வேண்டுமென்றால் 'சோத்கங்கா' தளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பார்க்கத்தான், எடுத்துப் போட அல்ல.

கேள்வி: ஆய்வு முறையியல் புத்தகத்துக்கு விலை போக 18% ஜி.எஸ்.டி. என்று வாங்கிவிட்டார்கள். சரியா? – வாசகர், ஈரோடு

பதில்: அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லோடு போய்த் திரும்ப வாங்குங்கள்.