பாட்டு வரிகள் வாசிப்பைக் கெடுக்கிறதா? இதைக் கேட்டுப் பாருங்கள்

இருண்ட நாவல் படிக்கும்போது ஆல்டர்நேட்டிவ் பாட்டு வேண்டும், ஆனால் வரிகள் காதில் விழுந்தால் பக்கம் நகர மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் இதே தொல்லைதான். ஐஸ்லாந்து நாட்டு இசைக்குழு சிகுர் ரோஸ் 2002இல் வெளியிட்ட, தலைப்பாக வெறும் இரண்டு அடைப்புக்குறிகள் மட்டுமே உள்ள ஆல்பத்தைப் போடுங்கள். பாடுவது எந்த மொழியும் இல்லை, வெறும் ஒலி. அர்த்தம் தேடித் தேடி மூளை கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும்.

கூடவே படிக்க, அமெரிக்க எழுத்தாளர் கார்மக் மெக்கார்த்தியின் ‘தி ரோடு’ நாவல். அப்பாவும் மகனும் சாம்பல் படிந்த சாலையில் ஒரு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டே போவார்கள். இருவருக்கும் பெயர்கூடக் கிடையாது, உரையாடலுக்கு மேற்கோள் குறியும் இல்லை. அந்த வெறுமைக்கு இந்த இசை அப்படிப் பொருந்தும்.

அப்புறம், ஜாய் டிவிஷன் என்ற ஆங்கில ராக் குழுவின் ‘க்ளோசர்’ ஆல்பம் எனக்கு உயிர். ஆனால் அதில் வரிகள் உண்டு, அதனால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்.