தசை அழற்சி நோய் இதயத்தையும் பாதிக்குமா?

"மயோசிடிஸ் தசையில் வரும் நோய்தானே, இதயத்தை ஏன் பரிசோதிக்கச் சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதயமும் ஒரு தசைதான். தொடையையும் தோளையும் தாக்குகிற அதே அழற்சி இதயத் தசைக்கும் பரவலாம். அது வெளியே தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். பலருக்கு இசிஜியில் சின்ன மாறுதல் மட்டும் இருக்கும். சிலருக்குப் படபடப்பு, துடிப்பு ஒழுங்கின்மை, அரிதாக இதயச் செயலிழப்பு வரை போகும்.

ரத்தப் பரிசோதனையிலும் ஒரு குழப்பம் உண்டு. தசை சேதமடையும்போது ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் டி என்ற புரதம் கூடியிருந்தால் உடனே இதயம் என்று பயந்துவிட வேண்டாம், நோயுற்ற கைகால் தசையிலிருந்தும் அது வரும். ட்ரோபோனின் ஐ இதயத்தை இன்னும் தெளிவாகக் காட்டும். சந்தேகம் தீராவிட்டால் எக்கோ என்ற இதய ஸ்கேன், அப்புறம் இதய எம்ஆர்ஐ. இதேபோல் கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி நொதிகள் தசையிலிருந்து ஏறியிருக்க, கல்லீரல் நோய் என்று அலைந்தவர்களும் உண்டு.

என்னைக் கேட்டால், இதயத்தைவிட நுரையீரலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அங்கே திசு தடித்து வடு விழும். வறட்டு இருமல், படியேறினால் மூச்சிரைப்பு. ரத்தத்தில் ஜோ-1 எதிர்ப்பொருள் (உடல் தன்னையே எதிர்த்து உருவாக்கும் ஒரு புரதம்) உள்ளவர்களுக்கு இது அதிகம். எம்டிஏ5 என்ற இன்னொரு எதிர்ப்பொருள் உள்ள சிலருக்கு வாரக்கணக்கில் மோசமாகிவிடும், தாமதிக்கவே கூடாது.

உணவுக்குழாயின் மேல்பகுதித் தசை தளர்ந்தால் விழுங்கும்போது புரையேறும்; உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். தோலிலும் தடிப்பு வரும் டெர்மடோமயோசிடிஸ் என்றால், பெரியவர்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வார்கள்.