ஏற்காடு ஹோம்ஸ்டேவுக்கு கூகுள் விளம்பரம்: காசு எங்கே போகிறது?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் மூன்று அறைகள் வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். கூகுளில் நாளுக்கு 300 ரூபாய் என்று விளம்பரம் போட்டோம். போன் வருகிறது. ஆனால் பாதிப் பேர் பஸ் நேரம் கேட்கிறார்கள், சிலர் வேலை இருக்கிறதா என்கிறார்கள். ஒரு நாள் 560 ரூபாய் பிடித்துவிட்டார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். விளம்பரம் ஆட்கள் கண்ணில் படுகிறது. அறை தேடுகிறவர் கண்ணில்தான் படவில்லை. அதைச் சரிசெய்துவிடலாம்.

முதலில் அந்த 560. நீங்கள் கொடுப்பது சராசரித் தொகை. ஒரே நாளில் கூகுள் அதைப்போல இரண்டு மடங்கு வரை செலவழிக்கலாம். மாதக் கணக்கில் நாள் தொகையின் 30.4 மடங்கை (ஒரு மாதத்துக்குச் சராசரியாக அத்தனை நாள்) தாண்டாது. 300 ரூபாய்க்கு அது 9,120. அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி உண்டு.

இப்போது உங்கள் கணக்கில் ‘சர்ச் டெர்ம்ஸ்’ அறிக்கையைத் திறங்கள். ஜனங்கள் உண்மையில் என்ன தேடி உங்கள் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்பது அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நீங்கள் கொடுக்கும் சொல்தான் கீவேர்டு. ‘ஏற்காடு தங்கும் இடம்’ என்று கீவேர்டை வெறுமனே கொடுத்தால் அது பிராட் மேட்ச். தொடர்புடையது என்று கூகுளுக்குத் தோன்றுகிற தேடலுக்கெல்லாம் விளம்பரம் போகும்: சேலம் ஏற்காடு பஸ் டைம், ஹோட்டல் வேலை, எஸ்டேட் விற்பனைக்கு. கீவேர்டை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அது ஃப்ரேஸ் மேட்ச் ஆகி, அந்தப் பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும் என்று வலை சுருங்கும்.

அப்புறம் பஸ், வேலை, சம்பளம், விற்பனை போன்ற சொற்களை நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது விளம்பரம் வரக்கூடாத தேடல் சொற்களாக, சேர்க்க வேண்டும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சாதாரணக் கீவேர்டுக்கு ஒருமை, பன்மை, ஒத்த பொருள் எல்லாவற்றையும் கூகுளே சேர்த்துக்கொள்ளும், நெகட்டிவுக்குச் சேர்க்காது. ‘ஜாப்’ என்று மட்டும் தடுத்தால் ‘ஜாப்ஸ்’ உள்ளே வந்துவிடும். இரண்டையும் கொடுங்கள். தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை. முதல் மாதம் வாரம் தவறாமல் அந்த சர்ச் டெர்ம்ஸ் அறிக்கையைப் பாருங்கள். வேறெதற்கும் நேரமில்லை என்றாலும் இதற்கு ஒதுக்குங்கள்.

அடுத்தது இடம். ஊர் என்ற இடத்தில் ஏற்காடு என்று கொடுத்திருந்தால் மாற்றுங்கள். ஏற்கெனவே மலையேறி வந்தவருக்குப் பெரும்பாலும் அறை இருக்கும். உங்கள் விருந்தினர் பெங்களூரு, சென்னை, கோவை, ஈரோட்டில் உட்கார்ந்து சனி ஞாயிறுக்குத் திட்டம் போடுகிறவர். அந்த ஊர்களைக் கொடுங்கள். அதோடு லொகேஷன் ஆப்ஷனில் ‘பிரசன்ஸ்’ (அந்த ஊரில் இருப்பவர்கள்) மட்டும் வையுங்கள். அந்த ஊரில் ஆர்வம் காட்டியவர்களையும் சேர்ப்பதுதான் கூகுள் தானாக வைத்திருக்கும் அமைப்பு.

போன் எடுக்க ஆள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் அழைப்பு பட்டன் தெரியட்டும். விளம்பரத்திலேயே ஓர் இரவு வாடகையைப் போட்டுவிடுங்கள். விலை கட்டுப்படியாகாதவர் பலர் தொடமாட்டார்கள், அந்தக் காசு மிச்சம்.

இதற்கெல்லாம் முன்பே கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் தெரியும் உங்கள் ஹோம்ஸ்டேயின் பக்கம்) ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். அது இலவசம். வரைபடத்தில் குறி உங்கள் கேட்டின் மேலேயே விழ வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, பனிமூட்டத்தில் தோட்டச் சாலை பிரியும் இடத்தில் குழந்தைகளோடு தடுமாறி நிற்பவர் நல்ல ரிவ்யூ எழுத மாட்டார். தங்கிப் போகிறவர்களிடம் ரிவ்யூ கேட்கலாம். அதற்காகத் தள்ளுபடி தரக்கூடாது, கூகுள் விதி அது.

மே மாத சீசனுக்கு மார்ச் கடைசியிலிருந்தே தொகையைக் கூட்டுங்கள். ஜூன் பிறந்து பள்ளி திறந்ததும் நாளுக்கு 150 ரூபாயாகக் குறைத்து, வார இறுதிக்கு முந்தைய மூன்று நாள் மட்டும் ஓட்டுங்கள்.