தீபாவளிக்கும் லீவு இல்லாத காந்தம்

கேள்வி: என் மகன் இங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் என்எம்ஆர் கருவியைப் பார்த்துக்கொள்கிறான். போன தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு, 'நைட்ரஜன் ஊத்தணும்மா' என்று கிளம்பிவிட்டான். லீவு நாளில் அந்தக் காந்தத்தை அணைத்து வைத்தால் என்ன? கரண்ட் போனால் என்னதான் செய்வார்கள்?
(வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் மகன்மேல் தப்பு இல்லை. என்எம்ஆர் என்பது ஒரு பொருளை வலுவான காந்தத்துக்குள் வைத்து, அதன் அணுக்கருக்கள் எந்த அதிர்வெண்ணில் பதில் தருகின்றன என்று பார்த்து மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் கருவி. அந்தக் காந்தத்தை விளக்கு மாதிரி அணைத்துப் போட முடியாது. கரண்ட் போனாலும் அது பாட்டுக்கு இருக்கும். உள்ளே நியோபியம்-டைட்டானியம் போன்ற உலோகக் கலவைக் கம்பியைக் கிலோமீட்டர் கணக்கில் சுற்றியிருப்பார்கள். கருவியை நிறுவும்போது அதில் மின்சாரத்தை ஏற்றி, இரு முனையையும் சேர்த்து வளையமாக்கிவிட்டு, மின்சாரம் கொடுத்த பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். குளிர்ந்த கம்பியில் மின்தடையே இல்லை என்பதால் அன்று ஏற்றியது வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். 1911-இல் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தில் கண்டுபிடித்த மீக்கடத்துத்திறன் இதுதான்.

ஆனால் கம்பி எப்போதும் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும், அதாவது மைனஸ் 269 டிகிரியில். ஹீலியம் விலை கூடியது, அதனால் அதைச் சுற்றி மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன் தொட்டி ஒன்றைக் காவலுக்கு வைக்கிறார்கள். வெளிச்சூட்டில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு நைட்ரஜன் ஆவியாகிப் போகும், ஹீலியம் தப்பிக்கும். ஹீலியத்தை மாதக்கணக்கில் ஒருமுறை நிரப்பினால் போதும், நைட்ரஜனை வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றியே ஆக வேண்டும். அதற்குத் தீபாவளி தெரியாது.

மறந்துவிட்டால்? ஹீலியம் வேகமாக ஆவியாகி மட்டம் இறங்கும், கம்பி கொஞ்சம் சூடாகும், அப்புறம் 'குவென்ச்', அதாவது மீக்கடத்துத்திறன் திடீரென்று போய்விடும். அவ்வளவு குளிரில் உலோகம் சூடேற மிகச் சொற்ப ஆற்றலே போதும். சுருளில் ஒரு கம்பி மயிரிழை நகர்ந்து உரசினால்கூட அந்த இடம் சாதாரணக் கம்பியாகி, மின்தடை வந்து, சூடு பக்கத்துக்குப் பரவி, வருஷக்கணக்காகத் தேங்கியிருந்த ஆற்றல் முழுவதும் சில விநாடிகளில் ஹீலியத்தில் இறங்கிவிடும். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் அறைச் சூட்டில் 700 லிட்டருக்கும் மேல் வாயுவாகும், அறையில் மூச்சுவிடக் காற்று இல்லாமல் போகலாம். அதனால்தான் அங்கே ஆக்சிஜன் அலாரம் வைத்திருக்கிறார்கள். குவென்ச்சைத் தடுக்கத்தான் மெல்லிய மீக்கடத்து இழைகளைச் செம்புக்குள் புதைத்துக் கம்பி செய்கிறார்கள், சுருளையும் அசையாமல் இறுக்கிக் கட்டுகிறார்கள். அப்படியும் புதுக் காந்தம் தொழிற்சாலையிலேயே சில தடவை குவென்ச் ஆகி ஆகித்தான் முழு மின்சாரத்தைத் தாங்கப் பழகுகிறது. பயிற்சி என்றே அதைச் சொல்கிறார்கள், பொருத்தமான பெயர்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது, ஈரக்காற்று. கோப்பிக்கடையில் கோப்பி பெங் (ஐஸ் காப்பி) வாங்கி வைத்த இரண்டு நிமிடத்தில் கிளாஸ் வேர்த்துக் கொட்டுகிறதல்லவா, அதே ஈரம் தொட்டியின் திறந்த கழுத்துக் குழாய் வழியாக உள்ளே போனால் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஆவி வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும், அது ஆபத்து. ஆகவே ஊற்றுவது பெரிய வேலையில்லை, ஊற்றியபின் ஒருவழி வால்வுகளையெல்லாம் பொறுமையாகச் சரிபார்ப்பதுதான் வேலை. மகன் தாமதமாக வந்தால் இதற்காகத்தான் இருக்கும்.

கரண்ட் போனால் வலிப்பது வேறு இடத்தில். 500 மெகாஹெர்ட்ஸ் கருவியில் (ஹைட்ரஜன் அணுக்கரு பதில் தரும் அதிர்வெண் அது) காந்தப்புலம் 11.7 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைவிட இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல். அந்த அதிர்வெண்ணில் ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள், ஐம்பது கோடியில் ஒரு பங்கு! அறை ஏர்கான் நின்று சூடு ஏறினாலோ பக்கத்தில் மின்தூக்கி ஓடினாலோ இந்த நுணுக்கம் கெட்டுப்போகலாம். மாதிரிக் குழாயின் கரைப்பானில் இருக்கும் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனின் அதிர்வெண்ணைக் கருவி விடாமல் கவனித்து, புலம் நழுவ நழுவத் திருத்திக்கொண்டே இருக்கும். சின்ன நழுவலுக்கு அது போதும்.

முழுக்க இறக்கி வைக்கவே முடியாதா என்றால், முடியும். பொறியாளர் வந்து மின்சாரத்தை மெல்ல இறக்க வேண்டும், பிறகு மறுபடி ஏற்ற வேண்டும், புலம் நிலைக்க நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒருநாள் லீவுக்கு யார் செய்வார்கள்?

அடுத்த தீபாவளிக்கு நைட்ரஜனை முந்தின நாளே ஊற்றிவிடச் சொல்லிப் பாருங்கள், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். முறுக்கு கொடுத்தனுப்பினால் பிளாஸ்டிக் டப்பாவில் போடுங்கள், தகர டப்பாவைக் காந்தம் இழுக்கும்; ஆய்வுக்கூடத்துக்கு வெளியே வைத்துச் சாப்பிடட்டும்.